திரை ‘இல்லை’ என்று சொன்ன ஆடிப்பெருக்கு

நான் ஓய்வு பெற்ற மறு வாரம் நம் ஆபீஸிலிருந்து நீங்கள் மூன்று பேர் பெரிய கடை வீதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தீர்கள். டீ குடித்துக்கொண்டே, “பாய், புதுசா சேர்றவங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன்” என்றீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். வெப் அப்ளிகேஷன் எப்படி எழுதுவது, கிளவுடில் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். நான் படித்ததில் பாதி இன்று புழக்கத்திலேயே இல்லை. அதனால் நான் படித்த விதத்தைப் பற்றி, அந்தப் படிப்பின் கடைசி மாதத்தில் நான் செய்த ஒரு தவறைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியாது, நான் இந்தத் தொழிலுக்கு வரும்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர். குழாய், வால்வு, போல்ட், நட்டு. கம்பெனியை மூடிவிட்டார்கள், ஊருக்குத் திரும்பினேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. ‘வெப் மற்றும் கிளவுட், ஆறு மாதப் பயிற்சி’ என்று பலகை. கிளவுட் என்ற சொல்லே அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. என் மனைவி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: “போய்ப் படிங்க. ஆனா வீட்டுல வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க.”

வகுப்பில் பதினாறு பேர். என்னைத் தவிர எல்லாரும் கல்லூரியை முடித்த கையோடு வந்தவர்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். காட்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வார். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் நான் எழுந்து நின்றேன். நான்தான் புது டீச்சர் என்று நினைத்து மற்ற பதினைந்து பேரும் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாவது வாரத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். சொன்னது எதுவும் புரியாமல், வயதுக்காரன் கேள்வி கேட்டால் கேவலமாக இருக்குமே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார்.

“பாய், நான் இன்னைக்கு ஒரு இடத்துல வேணும்னே தப்பா சொன்னேன். அதுக்கும் தலையாட்டினீங்க.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஸ்டோர்ல ஒரு பொருள் எங்க இருக்குன்னு தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?”

“தெரியலைன்னு சொல்லிட்டு, தேடிப் பார்ப்பேங்க.”

“அதேதான் இங்கயும்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் முதல் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்டவன் நான்தான். என் புண்ணியத்தில் மற்றவர்களும் தெளிவடைந்தார்கள் என்று திருவெள்ளறையிலிருந்து வந்த ஜெயந்தி என்ற பெண் பின்னால் சொன்னாள். அவளும் முதல் மாதம் முழுக்கத் தலைதான் ஆட்டிக்கொண்டிருந்தாளாம்.

அந்த மூன்றாவது மாடி அறையை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. மின்சாரம் போனதும் யு.பி.எஸ். எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சிடும். எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலையைச் சேமிப்போம். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு மலைக்கோட்டையைப் பார்த்தபடி அரட்டை. வெள்ளிக்கிழமைகளில் நான் தொழுகைக்குப் போய்வரும்வரை புதுப் பாடம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லாமலே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜெயந்தி வாரத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக் கடலையை வேகவைத்துக் கொண்டுவருவாள். விசைப்பலகைக்குள் கடலைத்தோல் விழுந்து, ஒரு கம்ப்யூட்டரில் ‘K’ எழுத்து கடைசிவரை வேலை செய்யவில்லை.

கடைசி மாதத்தில் ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு அப்ளிகேஷனைச் செய்து, அதை நாலு பேர் உண்மையிலேயே பயன்படுத்தும்படி செய்ய வேண்டும். ஜெயந்தியும் நானும் ஒரு குழு. ஸ்ரீரங்கத்தில் ஆடிப்பெருக்கன்று உதவிக் கூடாரம் போடும் ஒரு தொண்டர் குழுவினரை ஜெயந்திக்குத் தெரியும். அம்மா மண்டபம் படித்துறையில் அன்றைக்குக் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. குழந்தைகள், வயதானவர்கள் தொலைந்துபோவார்கள். ஒரு கூடாரத்தில் உட்காரவைத்திருக்கும் ஆளைச் சொந்தக்காரர்கள் இன்னொரு கூடாரத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். மூன்று கூடாரங்களுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் இருந்தால் எங்கே கேட்டாலும் பதில் சொல்லிவிடலாமே என்றாள் ஜெயந்தி. அதைத்தான் செய்தோம். காணாமல்போய் வந்தவரின் பெயர், வயது, உடை, எந்தக் கூடாரத்தில் இருக்கிறார் என்று பதிந்தால் மற்ற இரண்டு இடங்களிலும் தெரியும். எங்கேயோ தூரதேசத்தில் இருக்கும் வாடகை மெஷினில், அதாவது கிளவுடில், பட்டியல் இருக்கும். எங்களிடம் மூன்று லேப்டாப்பும், இணையத்துக்கு டேட்டா கார்டும்.

அன்று படித்துறைக் கூடாரத்தில் ஜெயந்தி இருந்தாள். ராஜகோபுரம் போகும் வழியில் இருந்த இரண்டாவது கூடாரத்தில் நான். மாம்பழச்சாலையில் இருந்த மூன்றாவதில் இரண்டு கல்லூரி மாணவர்கள். டீச்சர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் வகுப்பறையில் மற்றக் குழுக்களோடு இருந்தார்.

காலை முழுவதும் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்ததால் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. காப்பரிசி, காதோலை, கருகமணி என்று தட்டுகளோடு பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்றை என் கூடாரத்தில் பதிந்த ஐந்தாவது நிமிஷம் அவள் அம்மா ஓடிவந்தாள். படித்துறையில் ஜெயந்தி பட்டியலைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த அம்மா என் கையில் ஒரு மஞ்சள் சரடைக் கட்டிவிட்டுப் போனாள். நண்பகலுக்குள் நாற்பதுக்கு மேல் பதிவுகள். அதில் பதினொரு பேரை மட்டும் இன்னும் யாரும் வந்து அழைத்துப்போகவில்லை.

மதியம் தொண்டர்கள் மாறினார்கள். புதிதாக வந்த நாலு பேருக்கு எப்படிப் பதிவது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழகுவதற்கென்றே இன்னொரு பிரதி வைத்திருந்தோம். பார்ப்பதற்கு அச்சாக அப்படியே இருக்கும். அதில் நாங்கள் விளையாட்டாக ஏற்றிய பெயர்கள் குப்பையாகக் கிடந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாமென்று ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

திரையில் திறந்திருந்த அடுத்த ஜன்னலுக்குப் போனேன். அங்கே விளையாட்டுப் பெயர்கள் அப்படியே இருந்தன.

அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. நான் துடைத்தது உண்மைப் பட்டியலை.

இங்கேதான் உங்களுக்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அழித்தது தவறுதான். ஆனால் அதைவிடப் பெரிய தவறை அடுத்த ஐந்து நிமிஷத்தில் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு எடுத்த நகலைத் தேடினேன். அதில் மூன்றே பேர். சரி, ஞாபகத்திலிருந்து மறுபடி பதிந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். என் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரைப் பதிந்தேன். மற்றவர்கள் யார், எப்படி இருந்தார்கள் என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற புதுத் தொண்டர் ஒருவர், “என்ன சார், ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லை” என்றேன்.

கடைசியில்தான் டீச்சருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“பட்டியல் பக்கம் இப்ப திறந்துதான் இருக்கா?”

“ஆமாங்க.”

“முதல்ல அதை மூடுங்க.”

“நான் பதிஞ்சுக்கிட்டு இருக்கேன் டீச்சர், இன்னும் பத்து நிமிஷத்துல...”

“பாய், நான் சொல்றதைக் கேளுங்க. பக்கம் ஓடலைன்னா, ஓடலைன்னு சொல்லி ஆளுங்க வேற இடத்துல தேடுவாங்க. இப்ப அது ஓடுது. ஓடிக்கிட்டே பொய் சொல்லுது. யார் பேரைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுது. ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு ஒருத்தர் கிட்ட இல்லைன்னு சொன்னா, அவங்க எங்க போய்த் தேடுவாங்க?”

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. ஸ்டோரில் இருந்தவரை, ரிஜிஸ்டரில் இல்லை என்பதற்காக ஒரு பொருள் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. எழுந்து போய் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்ப்பேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தை மூடினேன். ‘பட்டியல் வேலை செய்யவில்லை. மூன்று கூடாரங்களிலும் நேரில் பாருங்கள்’ என்று போட்டேன். உடனே ஜெயந்தியைக் கூப்பிட்டேன்.

“ஜெயந்தி, கடைசி அஞ்சு பத்து நிமிஷத்துல யார்கிட்டயாவது இல்லைன்னு சொன்னியாம்மா?”

அவளுக்குக் குரல் மாறிவிட்டது. “ஒருத்தங்க வந்தாங்க பாய். மணப்பாறைப் பக்கம். அப்பாவைக் காணோம்னு. அவருக்குப் பக்கவாதம், பேச்சு வராதாம். மூணு கூடாரத்துலயும் இல்லைங்கன்னு சொல்லிட்டேனே. படிக்கட்டுப் பக்கம் ஓடுனாங்க.”

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்தக் கூட்டத்தில் ஓட முடியாது. ஆளை ஆள் விலக்கிக்கொண்டு போனேன். தேங்காய்த் தட்டு ஒன்றை இடித்துத் தள்ளி வசவு வாங்கினேன். படித்துறைக்குப் போனபோது ஜெயந்தி கையைக் காட்டினாள். கடைசிப் படியில், முழங்கால் அளவு தண்ணீரில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தீயணைப்பு வீரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தண்ணியில பாருங்கண்ணே! தூணுக்குப் பக்கத்துலதான் உக்கார வச்சிட்டு வந்தேன். எங்கயுமே இல்லைன்னுட்டாங்க. படகை எடுக்கச் சொல்லுங்கண்ணே!”

அவர் பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

“அம்மா, கூடாரத்துல உங்க அப்பா இல்லைன்னு சொன்னாங்கல்ல? அது தப்பும்மா. பட்டியலை நான் தெரியாம அழிச்சிட்டேன். அதுல இருந்த எல்லார் பேரும் போயிடுச்சு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

“அப்படின்னா எங்கப்பா இருக்காரா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு அவர் அமைதியாகியிருப்பார். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருமுறை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டோம், இன்னொரு முறை தெரியாமல் ‘இருக்கிறார்’ என்றும் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

“தெரியலைம்மா. இருக்காருன்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னு சொன்னதை நம்பாதீங்க, அவ்வளவுதான். வாங்க, நேர்லயே போய்ப் பார்த்துடலாம்.”

தீயணைப்பு வீரர் அவர் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்தார். “நீங்க இவரோட போங்கம்மா. நான் இங்கயே பார்த்துக்கிட்டு இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்.”

என் கூடாரத்தில் இருந்த நாலு பேரில் வயதான ஆண் யாரும் இல்லை. படித்துறைக் கூடாரத்திலும் இல்லை. மீதி இருந்தது மாம்பழச்சாலைதான். போன் போட்டுப் பார்த்தேன், கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. நடந்தோம். முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தெருவில் நான் நடந்ததில்லை. செல்வி வழியெல்லாம் ஒவ்வொரு வெள்ளை வேட்டியையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிரே வருபவர்களின் முகங்களையெல்லாம் நானும் பார்த்தேன், எப்படிப்பட்ட முகத்தைத் தேட வேண்டும் என்றுகூடத் தெரியாமல்.

மாம்பழச்சாலைக் கூடாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் நீலத் துண்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த எலுமிச்சஞ்சாதத்தை இடது கையால் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வி ஓடிப்போய் அவர் தோளில் பட்டென்று ஓர் அடி அடித்தார். அப்புறம் அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பெரியவர் சாதக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, மகளின் தலையை எந்தக் கையால் தடவுவதென்று தெரியாமல் திணறினார்.

கூட்டத்தோடு வழிதவறி அங்கே வந்துவிட்ட அவரை அந்த மாணவர்கள் பதினொன்றரை மணிக்கே பதிந்திருந்தார்கள். ‘பெயர் தெரியாது, பேச இயலாதவர், நீலத் துண்டு.’ என் கைதான் அதைத் துடைத்திருந்தது.

சிறிது நேரம் கழித்துச் செல்வி என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

“கம்ப்யூட்டர்ல இல்லைன்னு சொன்னீங்களே” என்றார்.

“ஆமாம்மா.”

“நான் நம்பிட்டேனே.”

அவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு நாங்கள் கூடாரம் கூடாரமாகப் போய், உட்கார்ந்திருந்தவர்களை நேரில் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதினோம். சாயங்காலத்துக்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் என்னைத் திட்டவில்லை. நடந்ததை வரிசையாகப் பலகையில் எழுதச் சொன்னார். ‘மதியம் பட்டியல் தவறுதலாக அழிந்துவிட்டது’ என்று ஆரம்பித்தேன்.

“அதுவா அழிஞ்சுது?” என்றார் பின்னாலிருந்து.

துடைத்துவிட்டு ‘நான் அழித்தேன்’ என்று எழுதினேன். ‘ஐந்து நிமிஷம் யாரிடமும் சொல்லவில்லை’ என்பதையும் எழுதினேன். அதை எழுதத்தான் கை வரவில்லை. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதி முடித்ததும் டீச்சர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, அதற்குக் கீழே அவராகவே இரண்டு வரி எழுதினார். ‘பழகும் பக்கமும் உண்மைப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. நான் கவனித்திருக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் ஒரே அழுத்தில் நீக்கும் பொத்தானை நான் அனுமதித்திருக்கக் கூடாது.’

அந்தப் பலகை இரண்டு நாள் அப்படியே இருந்தது. துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிற்காலத்தில் நான் எத்தனையோ பெரிய இடங்களில், பெரிய சம்பளக்காரர்கள் தங்கள் தவறுகளைப் பற்றி எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாமே அதுவாக அழிந்திருக்கும், அதுவாக நின்றிருக்கும். அப்போதெல்லாம் அந்தப் பச்சைப் பலகைதான் என் கண்ணில் வந்து நிற்கும்.

அந்த வாரம் முழுவதும் திருத்தினோம். உண்மைப் பக்கத்தின் மேல் பகுதியைச் சிவப்பாக்கினோம். அந்தப் பொத்தானைத் தூக்கினோம். தேடியவர் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று வந்த இடத்தில், ‘இதுவரை பதிவாகவில்லை’ என்று போட்டேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. டீச்சரிடம் காட்டினேன்.

“எனக்குக் காட்டி என்ன பிரயோஜனம்? அந்தம்மா நம்பர்தான் இருக்கே. கேளுங்க.”

போன் செய்ய எனக்குத் தைரியம் வரவே ஒருநாள் ஆனது. செல்வி எடுத்தார். நான் யாரென்று சொன்னேன். அப்பா நன்றாக இருக்கிறார் என்றார். விஷயத்தைச் சொல்லி, புது வரியைப் படித்துக் காட்டினேன். “அன்னைக்கு இப்படி வந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்கம்மா?”

கொஞ்சம் யோசித்தார். “பதிவுன்னா எனக்கு என்னங்க தெரியும்? அப்பவும் ஆத்துக்குத்தான் ஓடியிருப்பேன்.”

“வேற எப்படிப் போடலாம்?”

“இன்னும் எங்க கிட்ட வரலை, தேடிக்கிட்டு இருக்கோம்னு போடுங்க. அப்படிப் படிச்சா, கொஞ்ச நேரம் நிப்பேன்.”

நான் எழுதிக்கொண்டேன். நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

“அண்ணே, ஒரு நிமிஷம்” என்றார். “நீங்க நெசமாவே தேடுனா மட்டும் அப்படிப் போடுங்க. சும்மா போடாதீங்க.”

போனை வைத்துவிட்டு ஜெயந்தியைப் பார்த்தேன். வரியை மாற்ற எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த வரியை உண்மையாக்கத்தான் படிப்பில் மிச்சமிருந்த இரண்டு வாரமும் பிடித்தது. யாராவது தேடி, திரையில் ஆள் கிடைக்காமல் போனால், அந்த நொடியே மூன்று கூடாரங்களிலும் மணி அடிக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர் எழுந்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த ஆடிப்பெருக்கில், மதியத்துக்குள் அந்த மணி பத்தொன்பது தடவை அடித்தது. பத்தொன்பது தடவையும் எழுந்து போய்ப் பார்த்தோம்.